மெதுவாகச் சொன்னாலே போதும்

“லாயிலாஹ இல்லல்லாஹ்!”

தம்பியின் காதோரம் குனிந்து நஸ்ருதீன் போட்ட சத்தத்தில், கொல்லைப்புறக் கோழிகள் படபடத்துக் கூரையேறின.

“கத்தாதீங்க மச்சான். அவுங்களுக்குத்தான் இப்ப காது கேக்குதே,” என்றாள் ஜொஹரா பீவி.

“பன்னெண்டு வருசம் இவங்கிட்ட கத்திப் பழகுன வாயி, புள்ள. மூச்சு வேற இழுக்குது. கடைசிக் கலிமா காதுல உழாமயே போயிட்டான்னா?”

அபுல் ஹசனுக்கு நெஞ்சுவலி என்றதும் சிதம்பரத்திலிருந்து முதல் ரயிலில் ஓடிவந்த அண்ணன் அவர். காதில் ஆபரேசனே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவரும் அவர்தான். ஜொஹரா கேட்டால்தானே! அறுபத்துநாலாம் வருஷம் கடலூரிலிருந்து புருஷனை மெட்ராசுக்குக் கூட்டிப்போனாள். உள்காதின் வாசலில் இறுகிப்போயிருந்த, அரிசி நுனியளவு எலும்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மயிரிழைபோல ஒரு கம்பியை வைத்தார் டாக்டர். வலது காது திறந்துகொண்டது. ஆனால் தலை சுற்றியது. மூன்று வாரம் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தார்.

“கேக்காத காதோட நேரா நடந்தான். கேக்குற காதோட கோணலா நடக்குறான். நல்ல வைத்தியம் போ!” என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தார் நஸ்ருதீன்.

நாலாவது வெள்ளிக்கிழமை அபுல் ஹசன் சுவரை விட்டார். தெருவே பார்க்கப் பள்ளிவாசலுக்கு அம்புபோல நடந்துபோய்த் தொழுதுவிட்டு வந்தார். அப்படியும் மூன்று வருஷமாக ஊர் அவரிடம் கத்துவதை மட்டும் விடவில்லை.

இப்போது அவர் கண் திறந்தது.

“அண்ணே... காது வலிக்குது.”

ஜொஹராவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “கொஞ்சம் நவுருங்க மச்சான்.”

வலது காதோரம் குனிந்தாள். தனக்கே கேட்காத குரலில் கலிமாவைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற நஸ்ருதீனுக்கு அவள் உதட்டசைவுதான் தெரிந்தது. அபுல் ஹசன் ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னார். அவருடைய ஆட்காட்டி விரல் மெல்ல உயர்ந்து நின்றது. பிறகு, பாயில் சாய்ந்தது.

தம்பியின் கண்களை மூடிவிட்டு நஸ்ருதீன் கேட்டார்: “கேட்டுச்சு, இல்ல?”

“கேட்டுச்சு மச்சான்.”

உச்சிவெயிலில் பெண்ணாடத்திலிருந்து வந்துசேர்ந்த அபுல் ஹசனின் மச்சினன் அபுபக்கர், வாசலிலேயே பழைய பழக்கத்தில் குரலை உயர்த்தினார். “அபுல் ஹசனு! எலே அபுல் ஹசனு!”

உள்ளேயிருந்து வேகமாக எழுந்து வந்தார் நஸ்ருதீன். உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.