வரப்பு கரைந்த வயல்

வீரையன் வாயைத் திறந்து முப்பத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தண்ணீர் கேட்டான். அதுதான் கடைசி. இப்போது செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. நடுவில் சாப்பிட்டான், குளித்தான், படுத்தான். சோறு போதும் என்பதைக் கையால் காட்டினான். மனைவி அம்சவல்லி திட்டிப் பார்த்தாள். அழுது பார்த்தாள். பிறகு அவளும் பேசாமல் இருந்து பார்த்தாள். எதற்கும் அவன் அசையவில்லை.

அவன் மனசில் என்ன ஓடுகிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் பரணிலிருந்து பெரிய அலுமினிய அண்டாவை இறக்கி நடுக்கூடத்தில் வைத்தான். அண்டா இறங்கினால் ஊர் மாறப்போகிறது என்று அர்த்தம். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் ஐந்து முறை அது இறங்கியிருக்கிறது. அதில் சோறு பொங்கியதைவிடச் சாமான் கட்டியதுதான் அதிகம்.

இந்தத் தடவை அம்சவல்லி அண்டாவைத் தூக்கித் திரும்பவும் பரணில் வைத்தாள். கை வலித்தது. வைத்துவிட்டுத்தான் இறங்கினாள்.

மகள் பூவிழி பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கு நாற்பத்தொரு நாள் இருந்தது. இந்த மன்னார்குடிப் பள்ளிக்கூடம் அவளுக்கு நாலாவது. முதல் மூன்றிலும் அவள் பெயரை வாத்தியார்கள் மனப்பாடம் செய்வதற்குள் கிளம்பி வந்துவிட்டாள். இங்கே மூன்றரை வருஷம் ஓடிவிட்டது. நிலோஃபர் என்று ஒரு சிநேகிதி வீடு தேடி வருகிறாள். இரண்டு பேரும் ஒரே தலையணையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு குப்புறப் படுத்துப் படிப்பார்கள். அதைப் பார்ப்பதற்காகவே அம்சவல்லி அடுப்பை விட்டு இரண்டு தரம் வெளியே வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவளுக்கு ஊர்தான் சொன்னது.

பஞ்சநதத்திடம் இரண்டு அறுப்பு மெஷின் இருந்தது. சொந்த நிலமும் இருந்தது. அவரிடம் வீரையன் மூன்று வருஷமாக டிராக்டர் ஓட்டினான். மெஷின் கொட்டும் நெல்லை டிப்பரில் வாங்கிக் களத்துக்குக் கொண்டுபோவது அவன் வேலை. ஆத்தூரிலிருந்து வந்திருந்த மெஷின் டிரைவர் பொங்கலுக்குப் போனவன் திரும்பவில்லை. அறுப்பு தலைக்கு மேல் கிடந்தது. பஞ்சநதம் வீரையனை ஏறச் சொன்னார். டிராக்டரே போதும் என்று அவன் மூன்று தரம் மறுத்தான். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு அவர் சாவியைக் கையில் திணித்தார்.

மூன்று நாள் ஒழுங்காக ஓட்டினான். நாலாம் நாள் பஞ்சநதத்தின் வயலையே அறுக்கப் போனான். அதை ஒட்டினாற்போல் தங்கையன் குத்தகைக்கு எடுத்திருந்த வயல். நடுவில் வரப்பு இருந்தது, கார்த்திகை மழை வரைக்கும். மழையில் கரைந்துபோனதைத் திரும்பப் போடுவதில் தகராறு. பழைய வரப்பு இங்கே இருந்தது என்று இவர், அங்கே இருந்தது என்று அவர். சர்வேயர் வந்து அளக்கட்டும் என்று இரண்டு பேரும் மண்ணைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். மழைக்கு முன்பே தங்கையன் நடவு பதினெட்டு நாள் பிந்தியிருந்தது. அதனால் பஞ்சநதத்தின் பயிர் பழுத்துக் கிடக்க, தங்கையனுடையது பச்சையாக நின்றது. வரப்பு இல்லாவிட்டாலும் எல்லை தெரிந்தது. பச்சை தட்டுப்பட்டால் நிறுத்திக்கொள் என்று சொல்லிவிட்டு பஞ்சநதம் களத்துக்குப் போய்விட்டார்.

வீரையன் நிறுத்தவில்லை. தங்கையன் வயலுக்குள் இறங்கி ஒரு மா அளவுக்கு, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, முற்றாத பயிரை அறுத்துத் தள்ளிவிட்டான். மடை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த தங்கையன் கத்திக்கொண்டு ஓடிவந்து மெஷினுக்கு முன்னால் நின்ற பிறகுதான் அது நின்றது.

எல்லையை அழிக்கத்தான் பஞ்சநதம் ஆளை ஏவி அறுக்க வைத்தார் என்று தங்கையன் தெருவெல்லாம் சொன்னார். ஊருக்கும் வேறு காரணம் தோன்றவில்லை. பட்டப்பகலில், கண் இருக்கிற எவனும் பச்சைப் பயிரில் மெஷினை விடுவானா?

திங்கள் சாயங்காலம் பஞ்சநதமே வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் வராமல் வண்டியிலேயே ஒரு காலை ஊன்றிக்கொண்டு பேசினார். தன் பெயர் நாறுகிறது என்றார். நாளைக் காலை எட்டரைக்கு வயலில் வைத்துப் பேசி முடித்துவிடலாம், தங்கையனும் வருகிறார், அங்கே ஒரு காரணம் சொல்லியாக வேண்டும் என்றார்.

"குடிச்சிருந்தேன்னு சொல்லிடு வீரையா. குடிச்சவனுக்கு ஊருல மன்னிப்பு உண்டு. பாதி ஊரு அதை வச்சுத்தான் தப்பிச்சுக்கிட்டு இருக்கு. ரெண்டு திட்டு திட்டுவான், முடிஞ்சுரும். நீ பழையபடி டிராக்டர ஓட்டு."

வீரையன் தலையாட்டினான்.

அம்சவல்லிக்கு அந்தத் தலையாட்டல் நெஞ்சில் இடித்தது. அவனிடம் ஆயிரம் குறை இருந்தது. மார்க்கெட்டுக்கு அனுப்பினால் பாதி காய்த் தக்காளியாகக் கொண்டுவருவான். தங்கை கல்யாணத்துக்கு இலைப்பச்சையில் புடவை கேட்டால் மண்ணு நிறத்தில் ஒன்றை எடுத்து வந்து நிற்பான். நான் சொல்வது இவர் காதில் ஏறுவதே இல்லை என்று அப்போது ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்தாள். ஆனால் குடி கிடையாது. அக்கா தங்கைகள் கூடும் இடத்தில் அவள் தலை நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த ஒன்றினால்தான்.

குடி இல்லை. கைநீட்டும் பழக்கம் இல்லை. சோம்பலும் இல்லை. பிறகு ஏன் ஓர் இடத்தில் தரிக்க மாட்டேன் என்கிறான் என்பதுதான் யாருக்கும் விளங்காதது. காலில் சக்கரம் என்றாள் மாமியார். அம்சவல்லி வேறு ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். இவனுக்குக் கீழே இருக்கத் தெரியும், மேலே ஏறினால் ஆகாது. திருவிடைமருதூரில் வயரிங் வேலைக்குச் சுவர் கொத்தினான், பைப் பதித்தான். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. மேஸ்திரி அவனை நம்பி ஒரு மண்டபத்து ஸ்விட்ச் பெட்டியைத் தனியாக மாட்டச் சொன்ன வாரம் கிளம்பிவிட்டான். கும்பகோணத்துப் பழ மண்டியில் மூட்டை தூக்கினான். தரம் பிரிக்க உட்கார வைத்தார்கள், கிளம்பிவிட்டான். தரங்கம்பாடியில் ஐஸ் கம்பெனி. ஐந்து வருஷம் பாளம் பாளமாக ஐஸ் இழுத்தவனை, முதலாளி ஜாஃபர் சாதிக் கூப்பிட்டு மெஷின் ரூமில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். விளக்கைப் பார்த்து ஆன் பண்ணு, ஆஃப் பண்ணு, அவ்வளவுதான் வேலை. பத்தாம் நாள் அண்டா இறங்கியது. சம்பளத்தைக் கூட்டினால் கோபித்துக்கொண்டு வரும் ஒரே மனுஷன் என் வீட்டுக்காரர்தான் என்று அவள் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அடுத்துப் போன திருப்பூரை மட்டும் அவன் கணக்கில் சேர்க்க முடியாது. அங்கே கொரோனாவில் கம்பெனியே மூடிவிட்டது. அப்புறம் தஞ்சாவூரில் ஒரு லாரி ஷெட்டில் இரண்டு வருஷம். பிறகு இங்கே.

ஒவ்வொரு முறையும் ஏன் என்று கேட்டிருக்கிறாள். ஒத்துவரவில்லை என்பான். அதற்கு மேல் கேட்டால் வெளியே போய்விடுவான்.

பஞ்சநதம் போன பிறகு பூவிழி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அப்பா அப்படிச் சொன்னா நாம இங்கயே இருக்கலாமாம்மா?"

"இருக்கலாம்."

"அப்ப சொல்லட்டும்." பக்கத்தைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து, "நிலோஃபர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அவ நம்ப மாட்டா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை அம்சவல்லி தான் வேலை பார்க்கும் ஹாஸ்டல் சமையலுக்குப் போகவில்லை. வீரையன் மொபெட்டைக் கிளப்பியபோது, கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவன் திரும்பிப் பார்த்தான். இறங்கு என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். திறக்காமல் வண்டியை எடுத்தான்.

வயலில் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பஞ்சநதம் வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தார். தங்கையன் உட்காராமல் அறுபட்ட இடத்தில் நின்றார். அங்கே வைக்கோல் பச்சையாகவே வாடிக்கிடந்தது. அவர் குனிந்து ஒரு கதிரை எடுத்து, நெல்லை நகத்தால் கிள்ளி அம்சவல்லியிடம் காட்டினார். மாவாகப் பிதுங்கியது.

மாட்டுக்குத்தான் ஆகும் என்றார். குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. தண்ணீர் கடைசியாகத்தான் இந்தப் பக்கம் வந்தது, நாற்று பிந்தி, களை பிடுங்கி, எலிக்குக் கிட்டி வைத்து, இன்னும் பதினைந்து நாளில் அறுத்திருக்க வேண்டியது. பஞ்சநதம் அந்த ஒரு மா நெல்லைத் தன் களத்திலிருந்து அளந்து தருவதாகச் சொன்னார்.

"நெல்லு கேக்கலங்க. காரணம் கேக்கறேன்."

பஞ்சநதம் வீரையனைப் பார்த்தார். வீரையன் தொண்டையைச் செருமிக்கொண்டான். முப்பத்தெட்டரை மணி நேரத்துக்குப் பிறகு வந்த குரல், துருப்பிடித்த கீல் மாதிரி இருந்தது.

"குடிச்சிருந்தேங்க."

தங்கையன் அவன் முகத்தையே உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை அம்சவல்லிக்குப் பயமாக இருந்தது. பூவிழியின் தலையணையை நினைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "வீட்டுக்கு வந்தப்ப நாத்தம் அடிச்சுச்சு. நான்தான் கழுவி விட்டேன்."

வீரையன் சடக்கென்று அவள் பக்கம் திரும்பினான். அவளிடமிருந்து அவன் கேட்ட முதல் பொய் அதுவாக இருக்கலாம்.

தங்கையன் சிரித்தார். சிரிப்பில் சுகம் இல்லை.

"ஏம்மா, நல்ல குடும்பத்துப் பொண்ணு, நீயுமா? அன்னைக்கு நாலரை மணிக்கு இவனுக்கு டீ வாங்கியாந்து குடுத்தது யாருன்னு கேளு. நான். என் தீப்பெட்டியிலதான் பீடி பத்த வச்சான். மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு பேசுனேன். ஒங்க பயிரு நல்லாருக்குன்னான். டீ வாசனைதான் அடிச்சுது." பஞ்சநதத்தின் பக்கம் திரும்பினார். "பொய் சொல்றதுக்குப் பொண்டாட்டி வரைக்கும் தயார் பண்ணிக் கூட்டியாந்திருக்கீங்க. இதுக்கு மேல நான் என்ன நெனைக்கிறது? சர்வேயர் வரட்டும், அங்க பேசிக்கிறேன்."

பஞ்சநதத்தின் முகம் கறுத்தது. மதகிலிருந்து எழுந்தார். தான் சொல்லித்தான் இவன் அறுத்தானா என்பதை இவனே சொல்லட்டும் என்றார். இல்லையென்றால் ஏன் அறுத்தான் என்று சொல்லட்டும். இரண்டில் ஒன்றைச் சொல்லாவிட்டால் இனிமேல் ஷெட் பக்கம் வரவேண்டாம், டிராக்டரும் கிடையாது, வேறு யாரும் அவனுக்கு இந்த வட்டாரத்தில் வண்டி கொடுக்காமல் பார்த்துக்கொள்ளவும் தன்னால் முடியும் என்றார்.

"அண்ணன் ஏவல," என்றான் வீரையன். "அது சத்தியம்."

"அப்ப ஏன்?"

வீரையன் ரோட்டைப் பார்த்தான். மொபெட் நின்ற இடத்தை, அதற்கு அப்பால் பஸ் போகும் திசையை. அம்சவல்லிக்கு அந்தப் பார்வை தெரியும். அண்டாவுக்கும் முந்தி வருவது அது. இன்னும் ஒரு நிமிஷத்தில் இவன் ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்குவான்.

அவள் போய் அவன் முன்னால் நின்றாள். சத்தம் போடவில்லை.

"பொய்க்கு வந்தேன்ல. உண்மைக்கும் நிக்கறேன். இவங்களுக்குச் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லுங்க. எதுக்கு ஒவ்வொரு ஊருலேருந்தும் ஓடியாந்தீங்க?"

வீரையன் அவளைப் பார்த்தான். பிறகு காலடியைப் பார்த்தான். பஞ்சநதத்தின் வயல் மூலையில் மெஷின் எட்டாமல் விட்ட நாலைந்து தூர் பழுத்துச் சாய்ந்து நின்றன. போய் அதில் ஒரு கதிரை ஒடித்தான். திரும்பி நடந்து, தங்கையன் வயலில் நின்ற பயிரில் ஒன்றை ஒடித்தான். தங்கையன் தடுக்கவில்லை. இரண்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அம்சவல்லியிடம் வந்தான். காற்றில் ஒரு கதிர் சரசரத்தது, ஒன்று சத்தமில்லாமல் ஆடியது.

"இது ரெண்டும் உனக்கு வேற வேறயாத் தெரியுதா?"

அவள் தலையாட்டினாள். இதென்ன கேள்வி என்பதுபோல் தங்கையனும் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு ஒரே நெறந்தான் அம்சா. சின்னப் புள்ளையிலேருந்தே எனக்குப் பச்சை தெரியாது."