வகுப்புக்கே அக்கா

கல்லூரி முதலாமாண்டைப் பெரியவள் இரண்டாம் முறையாகப் படிக்க வேண்டி வந்தது. வேதியியலிலும் கணக்கிலும் போயிருந்தது. அதே வருடம் சின்னவளும் அதே கல்லூரியில், அதே பிரிவில் சேர்ந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவுக்கு இதில் ஒரு நிம்மதி. ஒன்றாகப் போய் ஒன்றாக வந்துவிடுவார்கள், கவலையில்லை என்றார். பெரியவளுக்கு மறுத்துச் சொல்ல வாய் ஏது?

கல்லூரியில் அக்கா என்று கூப்பிடக் கூடாது என்று முதல்நாளே கண்டித்து வைத்திருந்தாள். சின்னவளும் தலையாட்டினாள். ஆனால் பழக்கம் விடுமா? இரண்டாவது வகுப்பிலேயே, பின் பெஞ்சிலிருந்து "அக்கா, பேனா இருக்கா?" என்று கேட்டுவிட்டாள். அதோடு முடிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுவதற்கும் அவள் அக்காவாகிவிட்டாள். மீசை வைத்த பையன்கள்கூட அக்கா என்றார்கள். அவர்களில் ஒருவன் அவளைவிட மூத்தவன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறொன்று. சின்னவளுக்குப் பாடம் நடக்கும்போதே கையைத் தூக்கி, "புரியல சார்" என்று சொல்ல வந்தது. ஒரு கூச்சமும் இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள், கையை மட்டும் இறக்க மாட்டாள். வகுப்பு முடிந்தபின் ஆசிரியர்கள் அறை வாசலில் போய் நிற்பாள். மாதம் ஒன்று ஆவதற்குள் கணக்கு சாருக்கு அவள் பெயர் தெரிந்திருந்தது. ஒரு வருடம் முழுக்க அதே சாரிடம் படித்த பெரியவளை அவர் இன்னும் "நீங்க புதுசாம்மா?" என்றுதான் கேட்டார்.

வீட்டிலும் அதே கதை. சாப்பிடும்போது சின்னவள் கல்லூரிக் கதைகளை அள்ளி விடுவாள். அப்பா கையில் எடுத்த கவளத்தை வாயில் வைக்க மறந்து கேட்பார். போன வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்து பெரியவள் சொன்னதெல்லாம் "ம்", "நல்லாத்தான் போகுது", அவ்வளவுதான். இப்போது தங்கையின் ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு வயிற்றில் எரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு முதலில் எழுந்துவிடுவாள்.

திரவத்தைத் துளித்துளியாக விட்டு அளக்கும் டைட்ரேஷன் பரிசோதனை வந்த அன்று ஆய்வகத்தில் ஆளுக்கொரு பியூரெட் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கீழே திருகு வைத்த நீண்ட கண்ணாடிக் குழாய் அது. அடுக்கில் வாய் ஓரம் லேசாக உடைந்த ஒன்று இருந்தது. பெரியவளுக்கு அதை நன்றாகத் தெரியும். போன வருடம் அவள் கையில் வந்தது அதுதான். எவ்வளவு இறுக்கினாலும் திருகு வழியே துளித்துளியாகக் கசியும். எந்த அளவும் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. தனக்குத்தான் இறுக்கத் தெரியவில்லையோ என்று மேசையை யாரும் பார்க்காமல் துடைத்துவிட்டு, பக்கத்துப் பெண்ணின் எண்களைப் பார்த்து எழுதியவள் அவள். தேர்விலும் அதுவே வந்து வாய்த்தது.

சின்னவள் கையை நீட்டி அதை எடுத்தாள். பெரியவள் வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டு, நல்லதாக ஒன்றைப் பார்த்து எடுத்துப்போய்த் தன் மேசையில் மாட்டினாள்.

சின்னவளுக்கு முதல் அளவும் இரண்டாவதும் ஒட்டவேயில்லை. மூன்றாவது இன்னும் மோசம். பெரியவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் ஏதோ இனித்தது. ஆனால் சின்னவள் நான்காவது முறை முயலவில்லை. கையைத் தூக்கினாள்.

"மேடம், எனக்கு ஏன் ஒத்தே வரலன்னு புரியல. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

ஆய்வக மேடம் வந்தார். குழாயில் தண்ணீர் நிரப்பிச் சும்மா நிறுத்திவைத்தார். கொஞ்ச நேரத்தில் நுனியில் ஒரு துளி திரண்டு விழுந்தது. அதைக் கழற்றி எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

"போன வருஷம் பூரா எத்தனை பேர் இதை வச்சுப் பண்ணியிருப்பாங்க. ஒருத்தர்கூட வாயத் தொறக்கல பாருங்க."

சின்னவளுக்கு வேறு பியூரெட் வந்தது, கூடவே பாராட்டும். பெரியவளுக்குத் தன் மேசையிலிருந்த பியூரெட்டின் அளவுக்கோடுகள் எல்லாம் கலங்கித் தெரிந்தன.

திரும்பும் வழியில், பஸ் நிறுத்தத்தில், சின்னவள் கேட்டாள்.

"அது கசியும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"போன வருஷம் எனக்கு யாருடி சொன்னா?"

சின்னவள் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "நீ யாரையும் கேக்கலையேக்கா" என்றாள். பஸ் வந்ததும் ஏறி, தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் பெரியவள் ஆசிரியர்கள் அறை வாசலுக்குப் போனாள். தங்கை உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் போனாள். ஒருவழியாகக் கணக்கு சாரிடம் "புரியல சார்" என்றாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "எந்த இடத்துல?" என்று மட்டும் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். இதற்கா ஒரு வருடத்தைத் தொலைத்தோம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த வாரமும் போனாள், அதற்கடுத்த வாரமும் போனாள். தங்கையைவிட ஒரு கேள்வியாவது கூடக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

முடிவு வந்த அன்று, சின்னவள் வகுப்பில் இரண்டாவது. சொந்தக்காரர்களிடமிருந்து போன்மேல் போன். அப்பா ஒவ்வொருவரிடமும் சின்னவளின் மதிப்பெண்களை ஒப்பித்தார். கடைசியில், "பெரியவளா? அவளும் பாஸ்" என்றார். அந்த "உம்" அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

எழுந்து சமையலறைக்குப் போனாள். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கணக்குல எண்பத்தி ரெண்டும்மா."

"அப்படியா? சின்னவளுக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எழுபத்தி ஒம்பது" என்றாள் பெரியவள், பக்கத்து அறைக்குக் கேட்கும்படி.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றாள் சின்னவள் அங்கிருந்து.

அந்தக் குரலில் இருந்த புகைச்சலைப் பெரியவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அம்மாவின் பக்கம் திரும்பி, தேவையே இல்லாமல், இரண்டு எண்களையும் இன்னொரு தடவை சொன்னாள்.