தெற்குக் கேலரியின் முதுகுகள்

வாயை இன்னும் கொஞ்சம் திறக்கச் சொன்னாள். திறந்தார். கீழ்வரிசைப் பற்களின் உட்புறம் பழைய சோப்புத் துண்டு மாதிரி மஞ்சளாகக் காரை படிந்திருந்தது. ஈறு வீங்கி, தொட்ட இடமெல்லாம் ரத்தம். பல் டாக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்ததிலிருந்து எத்தனையோ வாய்களைப் பார்த்தாயிற்று, எதைப் பார்த்தும் அவளுக்குக் குமட்டியதில்லை. வாய் என்றால் வாய்தான், உள்ளே என்ன இருந்தாலும் சுத்தம் செய்துவிடலாம் என்பது அவள் கட்சி. இன்றைக்குத்தான் முகக்கவசத்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாற்றம் காரணமில்லை. அந்த மனிதர் சிகிச்சை நாற்காலியில்கூடக் கழற்ற மறுத்துவிட்ட, ஊர்க் கால்பந்து அணியின் பச்சை மஞ்சள் ஸ்கார்ஃபும், அவர் பேசிக்கொண்டிருந்த பேச்சும்தான் காரணம்.

"கொப்பளிச்சுத் துப்புங்க."

துப்பினார். வாய் காலியானதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். "கண்ணால பாத்தேன்மா. கோலுக்கு நேர் பின்னாடி நான். கட்டை பந்தை வாங்கினான், ஒரு எட்டு வச்சான், விட்டான் பாரு! வலை கிழியாததுதான் பாக்கி. என் மூஞ்சிக்கு நேரா வந்துச்சு பந்து."

"மூஞ்சிக்கா?"

"மூஞ்சிக்குத்தான்!"

"திறங்க."

கொஞ்சம் கூசும் என்று முன்கூட்டியே சொல்வது அவள் வழக்கம். இந்த முறை சொல்லவில்லை. கட்டை என்று அவர் சொன்ன ஆட்டக்காரனின் பெண்டாட்டிதான் தன் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. சனிக்கிழமை மாலை தெற்குக் கேலரியில் நின்ற ஒருவர் மூஞ்சிக்கும் அந்தப் பந்து வந்திருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். வந்திருந்தால் முதுகுக்குத்தான் வந்திருக்கும்.

முதுகு காட்டுவது தெற்குக் கேலரியின் சொந்தக் கண்டுபிடிப்பு. கண்டுபிடித்தவர் அவளுடைய மாமனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியை நிறுத்தவும் கிளப்பவும் ஊதிய அதே விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கேலரியின் முன்வரிசையில் கம்பி வேலியை ஒட்டிய குட்டைச் சுவர்மீது ஏறி நிற்பார். சரியாக ஆடாத சொந்த அணி ஆட்டக்காரன் எவன் காலுக்காவது பந்து போனால் ஒரு நீள விசில். மொத்தக் கேலரியும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிடும். பந்து அவன் காலைவிட்டுப் போனதும் இரண்டு குட்டை விசில், எல்லாரும் மறுபடி இந்தப் பக்கம். ஊதுவதற்காக அவர் மட்டும் தோளுக்கு மேலாக ஓரக்கண் போட்டுக்கொள்ளலாம் என்று விதி. அவரோ அதைக்கூடத் தனக்கு அனுமதிப்பதில்லை, எதிர்க் கேலரியின் சத்தத்தை வைத்தே கணித்துவிடுவதாகப் பெருமை பேசுவார். கெட்ட வார்த்தை இல்லை, கல்லெறி இல்லை, என்ன ஒரு நாகரிகமான எதிர்ப்பு என்று பத்திரிகையில்கூட எழுதினார்கள். கல்லால் அடித்திருந்தால் அவளுக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

அவள் கணவனுக்கு முதலில் 'தூண்' என்றுதான் பெயர். தடுப்பு வரிசையின் நடுவில் நின்றான் என்றால் காற்றுகூட அவனைத் தாண்டாது என்பார்கள். என் பையன், என் பையன் என்று மாமனார் பஸ்ஸில் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்த காலம் அது. பிறகு முட்டியில் ஆபரேஷன் நடந்தது. ஓட்டம் குறைந்தது. பக்கத்து ஊர் அணியோடு ஆடியபோது திருப்பிவிடப் போன பந்து அவன் காலில் பட்டுச் சொந்த வலைக்குள்ளேயே உருண்டு போனது. அன்றோடு தூண் கட்டையானான். அடுத்த ஆட்டத்தில் அவன் காலுக்குப் பந்து வந்தபோது கேலரி முழுக்கக் குட்டைச் சுவரைத்தான் பார்த்தது. ஊதுவாரா மாட்டாரா?

ஊதினார்.

பெத்த புள்ளைக்கே ஊதினார்யா மனுஷன் என்று அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. கடைத்தெருவில் எழுந்து நின்று வணங்கினார்கள். "வீட்டுலதான் அவன் எனக்குப் புள்ள. கிரவுண்டுல பதினொண்ணுல ஒண்ணு" என்று போகிற இடமெல்லாம் சொன்னார். நியாயஸ்தர் பட்டம் ஏறிய போதையில் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார். ஆக, வீட்டிலும் பிள்ளை இல்லை என்றாயிற்று.

சொந்த மைதானத்தில் ஆட்டம் இருக்கும் நாட்களில் அவன் காலையிலேயே வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுப்பான். அவள் பின்னால் நின்று முதுகைத் தடவிவிடுவாள், பேசினையும் கழுவிவிடுவாள். "விசில்கூடப் பரவால்ல. எல்லாரும் ஒண்ணாத் திரும்புறப்ப சிமென்ட்டுல செருப்பு தேயும் பாரு, சர்ருனு. அதக் கேட்டா வயித்தப் பொரட்டுது" என்றான் ஒருநாள். அன்றைக்கே முடிவு செய்தார்கள். இந்த சீசனோடு முழுக்கு. வேறு ஊரில் அவள் அண்ணனின் கோடவுனில் சூப்பர்வைசர் வேலை, அங்கேயே ஒரு வீடு. தட்டுமுட்டுச் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிப் படுக்கையறைச் சுவரோரம் வைத்தாயிற்று. கடைசி ஆட்டம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. தோற்றாலும் சமன் செய்தாலும் அணி கீழ் டிவிஷனுக்குப் போய்விடும். போகட்டும், நமக்கென்ன என்று அவள் குடும்பத்தினருக்கான ஓரத்து இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

ஆட்டம் கோல் விழாமலே முடியப்போகிற நேரம். கார்னரிலிருந்து வந்த பந்து தலைகளில் பட்டுத் தெறித்து, பின்னால் தனியாக நின்றிருந்த அவன் காலடிக்கு வந்தது. தெற்குக் கோல்தான் எதிரே. நீள விசில். சர்ரென்று செருப்புகள் தேய்ந்தன. ஊரே வாழ்வா சாவா என்று தவித்துக்கொண்டிருந்த நிமிஷத்திலும் விதி விதிதான் என்று அத்தனை பேரும் திரும்பிக்கொண்டார்கள். அவன் நிமிர்ந்து பார்த்தான். ஒரு எட்டு வைத்தான். இத்தனை வருஷத்தில் அவன் காலிலிருந்து அவள் பார்த்தேயிராத வெறியோடு பந்து கிளம்பியது. எப்படியும் கம்பத்துக்கு மேலே போய்விடும் என்று கோல்கீப்பர் கையைத் தொங்கப் போட்டுவிட்டான். பந்து கடைசி நேரத்தில் தாழ்ந்து, கம்பத்துக்குக் கீழே நுழைந்து, வலையில் விழுந்தது.

மற்ற மூன்று பக்கமும் கூரை பெயர்கிற மாதிரி கத்தின. தெற்குக் கேலரி மட்டும் பின்சுவரைப் பார்த்தபடி நின்றது. இரண்டு குட்டை விசில் வரவே இல்லை. மெல்ல ஒவ்வொருவராகத் திரும்பி, என்னய்யா ஆச்சு, யாருய்யா அடிச்சது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். விஷயம் தெரிந்ததும் வேலியேறிக் குதித்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தோளில் இருந்தவன் சிரிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள்தான் காரை ஓட்டினாள். பாதி வழியில் அவன் சொன்னான்: "எல்லாரும் கோலு கோலுங்கறாங்க."

"கோலுதானே?"

"நான் கோலுக்கு அடிக்கல."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சுவத்து மேல நின்னாரு பாரு, அவர் முதுகுக்கு அடிச்சேன். நடு முதுகுல. குப்புற விழணும்னுதான் அடிச்சேன்." கொஞ்ச தூரம் போன பிறகு, "அதுகூட எட்டல" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான். காரை ஓரங்கட்ட வேண்டியதாகிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனை அவ்வளவு பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம், அந்த ஸ்கார்ஃப்காரரை அனுப்பிவிட்டுக் கிளினிக்கிலிருந்து வந்தபோது வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஹால் முழுக்கப் பச்சையும் மஞ்சளும். சோபாவில் அவனை உட்கார்த்தி, வலது காலை ஸ்டூல்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். கட்டைவிரல் நகம் கறுத்துச் செத்துப்போய், விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து கிடக்கும் அந்தக் காலைப் படமெடுக்க வரிசை நின்றது. கண்ணாடி போட்ட ஒருவர், வயதில் மூத்தவர், குனிந்து பாதத்தில் முத்தமே கொடுத்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். 'கட்டை' இப்போது செல்லப்பெயராகிவிட்டது போலிருக்கிறது, கட்டை நம்ம கட்டை என்று கொஞ்சினார்கள். அவளுக்கு உமட்டியது. அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

படுக்கையறைக்குப் போகிற சாக்கில் அவன் காதருகே குனிந்தாள். "என்ன கூத்து இது?"

"கிளப் செக்ரட்டரி ஃபோன் பண்ணினாரு. இன்னும் ஒரு வருஷம் இருங்கறாரு. சாயங்காலம் திரும்பப் பண்றேன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"யோசிக்க என்ன இருக்கு? பெட்டியெல்லாம் கட்டி வச்சாச்சு."

"அப்பா வந்திருக்காரு" என்றான், அதுதான் பதில் என்பதுபோல.

டீ போடச் சமையலறைக்குள் போனாள். கொதிக்கட்டும் என்று நின்றிருந்தபோது பின்னாலேயே மாமனார் வந்தார். கதவை லேசாகச் சாத்தினார். ஹாலில் அவ்வளவு நேரம் முழங்கிய ஆள், இங்கே வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"நீ பாத்தேல்லம்மா?"

"எத மாமா?"

"அந்த கோல. வீடியோவுல நூறு தடவ பாத்துட்டேன். பத்தல. நேர்ல எப்படி இருந்துச்சு? சொல்லேன்." கண் கலங்கியிருந்தது. "வெளிய இவனுங்ககிட்ட என்னென்னமோ அளக்குறேன். எனக்குள்ள ஒண்ணுமில்ல. சுவருதான் தெரியுது. வெத்துச் சுவரு."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பரிதாபம் தன்மேலேயே எச்சில் பட்டதுபோல இருந்தது. வாஷ்பேசினைக் கழுவிய காலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சொல்லிவிட்டால் இந்த மனிதர் இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டார், இவர் போனால் இவர் பின்னால் வந்த கூட்டமும் போகும், செக்ரட்டரிக்கு முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்.

"அவர் கோலுக்கு அடிக்கல மாமா."

"என்னம்மா சொல்ற?"

"உங்களப் பாத்து அடிச்சாரு. உங்க முதுகுக்கு. நீங்க குப்புற விழணும்னு அடிச்சாரு. பந்து எட்டாம வலையில விழுந்துடுச்சு. அவர் வாயாலயே சொன்னாரு."

கிழவர் அடுப்பைப் பார்த்தார். டீ பொங்கி வழிந்தது. அவள் அணைக்கவில்லை, அவர்தான் கையை நீட்டி அணைத்தார். கதவைத் திறந்துகொண்டு போனார். அவள் துணியை எடுத்து மேடையைத் துடைத்தாள். மனசு லேசாக இருந்தது. வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்குமென்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

கேட்டது கைதட்டல்.

துணியோடு ஹாலுக்கு வந்தாள். மாமனார் ஸ்டூலைத் தள்ளிவிட்டு, சோபா விளிம்பில் உட்கார்ந்து, மகனின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். முகம் கூட்டத்தின் பக்கம். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்காமல் எல்லாருக்கும் தெரியும்படி விட்டிருந்தார்.

"இப்பதான் என் மருமக சொல்றா! அடிக்கிறதுக்கு முன்னாடி என்னத்தான் பாத்தானாம்யா! கோலப் பாக்கல, கீப்பரப் பாக்கல. எங்கப்பன் எங்க நிக்கிறாருன்னு பாத்து, என்னையே குறி வச்சு அடிச்சானாம்! எவனுக்குய்யா இந்தக் குடுப்பினை?"

முத்தம் கொடுத்த கண்ணாடிக்காரர் தேம்பியே விட்டார். "அப்பன்னா இப்படி இருக்கணும்யா!"

அவள் கணவன் சிரிப்பை முகத்தில் அப்படியே விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். சொல்லிட்டியா என்று கேட்கிற பார்வை. ஆமென்று தலையசைத்தாள். அவன் அப்பாவின் முதுகைப் பார்த்துக் கேட்டான், "அடுத்த மேட்ச்ல சரியா ஆடலன்னா ஊதுவீங்களாப்பா?"

கூட்டம் கிழவரின் வாயைப் பார்த்தது. கிழவர் திரும்பவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ரூல்னா ரூலுதான்டா!"

ஹால் அதிரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவன் ஃபோன் அடித்தது. அவளுக்கு எட்டும் தூரத்தில், டீப்பாயில் கிடந்தது. திரையில் செக்ரட்டரியின் பெயர். எடுங்கப்பா எடுங்கப்பா என்றது கூட்டம். அவன் எழப் பார்த்தான், மடியிலிருந்த கால் வரவில்லை. கிழவர் கணுக்காலை இறுகப் பிடித்துக்கொண்டு பந்து எப்படி வந்தது, எப்படித் தாழ்ந்தது என்று இன்னொரு முறை சொல்லத் தொடங்கியிருந்தார். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அவருடைய மறுகைக்குள் அவனுடைய கால்விரல்கள் ஐந்தும் உள்ளுக்கு மடங்கி இறுகுவதை அவள் பார்த்தாள். அவர் பேச்சை நிறுத்தாமல், பார்க்கவும் செய்யாமல், அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார்.