கடைசி பெஞ்சு

மதலேன் சவர பிளேடை, பலகையில் ஒட்டியிருந்த படத்தின் ஓரத்தில் வைத்தாள். வெட்டக் கை வரவில்லை.

"பதினோரு மணிக்குப் பெட்டிய மூடிடுவாங்கம்மா," என்றான் மகன் தியரி, கறுப்பு டையை இழுத்துவிட்டபடி. "அதுவுமில்லாம இது சே பா ஃபினி, முடியவேயில்ல. கீழ பாருங்க, வெள்ளையா ஓட்டை."

முடிந்த படமாக இருந்தால்தான் தன் சவப்பெட்டியில் வைக்க வேண்டும் என்று கணவர் லூர்துசாமி சொல்லியிருந்தார். "அரைகுறையைக் கொண்டு போனா மேல உள்ள விடமாட்டாங்க." அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் மதலேன் சத்தியமே செய்து கொடுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் தூரிகைகளைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பழைய சாமான் சந்தையில் அவர் ஒரு நீர்வண்ணப் படம் வாங்கினார். நூற்றெழுபது வருடத்துக்கு முன் யாரோ வரைந்த ஒரு கிறிஸ்தவக் கோவிலின் உட்புறம். அந்த முறையிலேயே, லா சப்பல் பகுதியில் தாங்கள் பூசைக்குப் போகும் கோவிலை வரையத் தொடங்கினார். தாளை நனைத்து நாலு ஓரமும் பலகையில் ஒட்டுவார். காயக் காய அது மத்தளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு தண்ணீர் பட்டாலும் சுருங்காது. வெளிச்சத்துக்கென்று வண்ணம் கிடையாது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளைத் தொடாமல் விட்டுவிட்டு, சுற்றிலும் நிழலைத் தீட்ட வேண்டும். கடைசியாக, சின்னதாக ஓர் ஆள். ஆள் இல்லாவிட்டால் தூணின் உயரம் எப்படித் தெரியும்? பழைய படத்தில் தூணடியில் ஒரு மனிதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

லூர்துசாமியின் தூணடியில் யாருமில்லை.

மதலேன் அவருடைய பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள். அவர் உட்காரும் முன் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்தால் தெரிகிற கோவில் அது. ஓட்டை, கதவோரக் கடைசி பெஞ்சில் இருந்தது. வெள்ளைக்குள் அரிசி அளவில் ஒரு முகம். கீழே ஊதாக் கோட்டு. மடியில் கட்டம் போட்ட கடைப் பை. அந்தப் பை இப்போதும் சமையலறைக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

முப்பது வருடமாக அவளுக்கு அந்த பெஞ்சுதான். பூசையில் நன்மை அப்பம் வாங்கியதும் நழுவினால், கூட்டம் சேருமுன் ஃபொபூர் சேன்-தெனி தெருவில் மீன் வாங்கிவிடலாம். "ஆண்டவரைவிட உனக்கு வஞ்சிரம் பெரிசு" என்பார் அவர், முள்ளை எடுத்தபடி.

"முடிஞ்சிருக்குடா," என்றாள்.

"எங்க?"

"அது ஓட்டையில்ல. முக்காடு."

தியரி பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தான். நிமிரக் கொஞ்சம் நேரமாயிற்று. "பை கூடவா!" என்றான்.

அவள் நாலு ஓரமும் பிசிறில்லாமல் வெட்டினாள். பத்தே முக்காலுக்கு, பெட்டியில், அவர் கைக்கடியில் படத்தை வைத்தாள்.

கோவிலில் நாத்தனார் மடுத்தீன் முன் பெஞ்சிலிருந்து கையசைத்தாள். "அண்ணி, இங்க வாங்க! நீங்கதான முன்னாடி உக்காரணும்?"

மதலேன் பெட்டியோடு பீடம்வரை போனாள். அதைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்து, கதவோரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டாள். தியரியும் வந்து பக்கத்தில் நெருக்கிக்கொண்டு அமர்ந்தான்.

"இன்னிக்கும் பாதியில ஓடிடுவீங்களா?"

"சும்மா இருடா."

அவள் அண்ணாந்து தூணைப் பார்த்தாள். நல்ல உயரம்தான்.