அரக்கு முதலிடம்

"பிரிச்சுடு. பச்சை எல்லாத்தையும் பிரிச்சுடு தேவகி."

"இப்பதானேடீ சுத்துனேன்?"

"நல்லாப் பாரு. தவளைத் தோலைப் பத்தி இந்த ஆளு எழுதுன கட்டுரையை யாரு எடுத்துச் சொல்லிக்கினு இருக்குறாங்க? இதே ஆளு! போன வருஷமும் இதே ஆளு. தன் முதுகைத் தானே தட்டிக்கினா அதெல்லாம் கணக்குல சேருமா?"

தேவகிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அட்டையில் சுற்றியிருந்த பச்சைப் பட்டிழைகளை மளமளவென்று பிரித்தாள். பச்சைப் பல்கலைக்கழகத்துக்குக் கடைசியில் மிஞ்சியது இரண்டே இழை.

தேவகி, தறிக்காரர் கோதண்டபாணியின் ஒரே மகள். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தவள் ஜரிகை வியாபாரி அப்துல் சத்தாரின் மகள் ஷமீம் பானு. இருவரும் சென்னையில் ஒன்றாகத் தங்கி விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, அந்தக் கோடையில்தான் காஞ்சிபுரம் திரும்பியிருந்தார்கள்.

மேலே ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று தேவகி கேட்டபோது கோதண்டபாணி முடியாது என்று சொல்லவில்லை. தறியில் உட்கார்ந்தபடியே வேறொன்று சொன்னார்.

"எது ஒசத்தி? ஒண்ணாம் நம்பர் எதுன்னு சொல்லு, அனுப்பறேன். ரெண்டாம் நம்பருக்கெல்லாம் நம்ம வீட்டுப் பொண்ணு போவாது. சொல்லத் தெரியலன்னா மாகறல்காரங்களுக்கு சரின்னு சொல்லிடறேன்."

மாகறலில் இளங்கோவன் என்றொரு பையன் இருந்தான். அவனுடைய அம்மா ரேணுகாம்பாள் தேவகியைப் பெண் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

உயிரியலில் எந்தப் பல்கலைக்கழகம் முதலிடம் என்று யாரைக் கேட்பது? பேராசிரியர்களைக் கேட்டால் ஒவ்வொருவரும் தாம் படித்த இடத்தைச் சொன்னார்கள். தேவகி கிட்டத்தட்ட அழுதுவிட்டாள். அப்போதுதான் ஷமீம் கேட்டாள்:

"உங்க தெருவுல யாரு பெரிய ஆளுன்னு எப்படித் தெரியுது? யாரு போடுற பார்டரைப் பார்த்து மத்தவங்க நெய்யுறாங்களோ, அவங்கதானே? இதுவும் அப்படித்தாம்மா."

ஒவ்வொரு ஆராய்ச்சிக் கட்டுரையின் முடிவிலும், அதை எழுதியவர் யார் யாருடைய பழைய கட்டுரைகளைத் துணைகொண்டார் என்ற விவரம் இருக்கும். அதை எண்ணினால் போதாதா? பேராசிரியையிடம் கெஞ்சிக் கேட்டு, ஆய்விதழ்களை மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தேவகி வீட்டு மாடியறையில் கடை விரித்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு ஒரு நிறம். எங்கிருந்தோ ஒருவர் அங்கே நடந்த ஆராய்ச்சியை எடுத்துச் சொல்லியிருந்தால், அந்த நிறத்தில் அட்டையைச் சுற்றி ஓர் இழை. கீழே தறியில் கழித்துப்போட்ட பட்டிழைக்குப் பஞ்சமே இல்லை.

ஒரு வாரத்தில் பல்கலைக்கழகங்களின் பெயர்களே இருவருக்கும் மறந்துபோயின. "மஞ்சளுக்கு ஒரு மீன்!" என்று ஒருத்தி கத்துவாள். "அரக்குக்கு நண்டு ரத்தம்! மறுபடியும் நண்டு ரத்தம்!" என்று மற்றவள் துள்ளுவாள். பனி கொட்டும் ஏதோ ஒரு ஊரில், கணப்பருகே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, முகம் தெரியாத ஒருவர் நம் ஊர் நண்டைப் பற்றிப் படித்து வியந்திருக்கிறார் என்று நினைக்கும்போதே தேவகிக்கு உள்ளங்கால் கூசியது. மாடியிலிருந்து வரும் சிரிப்பைக் கேட்டு, "இன்னா படிப்போ இது!" என்று அவள் அம்மா கமலவேணி கீழிருந்து அங்கலாய்ப்பாள்.

கடைசி இதழும் முடிந்தது. அட்டையின் நடுவே அகலமாக அரக்கு. பக்கத்தில் மாம்பழ மஞ்சள். அப்புறம் கொஞ்சம் நீலம், அந்த இரண்டு இழை பச்சை, ஓரத்தில் ஒற்றை இழை ஊதா. சந்தேகமே இல்லை, அரக்கு முதலிடம்!

மறுநாள் காலை தேவகி அந்த அட்டையைத் தறியில் அப்பா உட்காரும் பலகையின் மேல் வைத்தாள். அவரே பார்த்துக் கேட்கட்டும், அப்போது விளக்கிச் சொல்லலாம் என்று நினைத்தாள். இதழ்களை எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்க மூட்டை கட்டுவதற்காக ஷமீம் வீட்டுக்குப் போனவள், அங்கேயே சாப்பிட்டுச் சிரித்துப் பொழுதை ஓட்டிவிட்டுச் சாயங்காலம்தான் திரும்பினாள். ஷமீமும் கூடவே வந்தாள்.

தெருமுனையிலேயே ஒரு அம்மாள் தேவகியின் கன்னத்தை வழித்து வாயில் கல்கண்டைப் போட்டாள். அடுத்த வீட்டிலும் கல்கண்டு.

"கல்யாணப் பொண்ணு இப்படி ஊர் சுத்தலாமா?"

தேவகி அப்படியே நின்றாள். கல்கண்டு நாக்கில் கரையாமல் உட்கார்ந்திருந்தது.

அந்தத் தெருப் பெண்கள் வரனுக்குச் சம்மதத்தை வாயால் சொல்வதில்லை. கல்யாணப் புடவைக்குத் தங்களுக்குப் பிடித்த நிறங்களை ஓர் அட்டையில் சுற்றி, அப்பாவின் தறிப்பலகையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரியப்பா மகள் இந்திராணி வைத்தபோது, நீலம் எடுப்பாக இல்லை என்று குறை சொன்னவளே தேவகிதான். அதையெல்லாம் யாராவது மறப்பார்களா? தலை முழுக்க நண்டும் தவளையுமாகத் திரிந்த தேவகி மறந்துவிட்டிருந்தாள்.

வீட்டுக் கூடத்தில் ரேணுகாம்பாளே உட்கார்ந்திருந்தாள். சேதி கிடைத்ததும் மத்தியான பஸ்ஸைப் பிடித்து, பந்து பந்தாக மல்லிகையோடு வந்திருந்தாள். அட்டை அவள் கையில் இருந்தது.

"நடுவுல அரக்கு, ஒட்டினாப்பல மஞ்சள். அளவா ரெண்டே இழை பச்சை! இன்னா ரசனைமா உனக்கு!"

"பச்சை இன்னும் நெறைய இருந்துச்சும்மா. நாங்கதான் பிரிச்சுட்டோம்" என்றாள் ஷமீம். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கோதண்டபாணி சாயக்காரர் வீட்டிலிருந்து வந்தார். தோளில் ஈரம் சொட்டும் அரக்குப் பட்டுநூல் கழிகள். முழங்கை வரை சிவப்பு. அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பைத் தேவகி பார்த்ததே இல்லை. அதைக் கெடுக்கப் போகிறோமே என்றிருந்தது அவளுக்கு. கூடவே, அடக்க முடியாத சிரிப்பும் வந்து தொலைத்தது.

"நைனா, இது புடவை இல்ல."

"பின்னே?"

"நீ கேட்டியே, ஒண்ணாம் நம்பர் எதுன்னு? அதுக்குக் கணக்கு."

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கமலவேணி தலையில் கை வைத்துக்கொண்டாள். ரேணுகாம்பாள் அட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இந்த ஒத்தை ஊதா?"

"அது ஒரு நத்தை அத்தே. ஒருத்தர் எழுதுனாரு, ஒருத்தர் படிச்சாரு."

"சரிதான். எம்புள்ள இதுல எந்தக் கலரு?"

முதலில் ரேணுகாம்பாளின் தோள்தான் குலுங்கியது. அவளே சிரித்த பிறகு அங்கே யாராலும் அடக்க முடியவில்லை. கோதண்டபாணி மட்டும் சிரிக்கவில்லை.

"அரக்கு எங்க இருக்குது?" என்று கேட்டார்.

"வடக்கே. ரயில்ல ரெண்டு ராத்திரி."

"ரெண்டு ராத்திரியா!" என்றாள் கமலவேணி. உடனே கணவர் பக்கம் திரும்பினாள். "ஒண்ணாம் நம்பருக்கு அனுப்பறேன்னு வாக்கு குடுத்தது நீதானேய்யா?"

கோதண்டபாணி தோளிலிருந்த கழிகளை இறக்கிக் கொடியில் ஒவ்வொன்றாக மாட்டினார். தேவகி மாடிக்கு ஓடினாள். இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி, விண்ணப்பத்தாளோடும் பேனாவோடும் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நைனா, கையைத் துடைச்சிக்கினு இதுல ஒரு கையெழுத்து போட்டுக் குடேன்."