அங்கமுத்து கொடுத்துவிட்ட பாடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பொன்னேரி பஸ்ஸில் கிடைத்தது. முன்சீட்டில் ஒரு அம்மா மகளிடம், "மனசப் பத்திப் படிச்சா இன்னா வேலம்மா கெடைக்கும்?"னு கேட்டாள். மகள் சொன்ன பதில் ஹாரன் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன்.

2

'ஏரியின் மேல் வெயில் மெல்ல...' (வேண்டாம். ஏரியைப் பார்த்தவன் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறான்.)

'உளவியல் படித்தவர்களுக்கு எதிர்காலத்தில் எண்ணற்ற வாய்ப்புகள்...' (இது கல்லூரி விளம்பரம்.)

சரி, நேராகவே வருகிறேன். அந்த மகளுக்குப் பூவிழி என்று பேர் வைத்தேன். பழவேற்காட்டை ஒட்டிய குப்பத்துப் பெண். எம்.எஸ்ஸி. உளவியல் முடித்தாயிற்று. ஆஸ்பத்திரியில் உட்கார வேண்டுமானால் இன்னும் மேலே படிக்கணும். பள்ளிக்கூடக் கவுன்சிலர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள், எப்போது கூப்பிடுவார்களோ. இப்போதைக்கு மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆளெடுக்கும் பிரிவுக்கு இன்டர்வியூ. அம்மா ஜெயம்மாவுக்கு அதுவே போதும்.

3

அவள் அப்பா அங்கமுத்துவை எழுத எனக்குப் பயமாக இருந்தது. மூத்த மகன் லோகேஷ் போன வருஷம் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து செத்தான். அந்த மனுஷன் அழுததை யாரும் பார்க்கவில்லை. (அழவைத்து ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவர் அழுதிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.)

ஏரியில் இறால் வலை போட ஊர் முறை பிரித்து வைத்திருக்கிறது. உன் நாளில் உன் இடம். அதற்குப் பேர் பாடு. காய்ச்சலோடு போனவன் உண்டு, பாட்டை விட்டவன் கிடையாது. அங்கமுத்து இந்தத் தடவை தன் பாட்டை அதே குப்பத்துத் தேவேந்திரனுக்கு விட்டுக்கொடுத்தார். நைனாவுக்கு மனசு பெருசு என்று நினைத்துக்கொண்டாள் பூவிழி. நானும் அப்படியே எழுதிக்கொண்டு போனேன்.

4

இன்டர்வியூ அன்றைக்குக் காலையில் பூவிழி ஏறிய பஸ்ஸில் தேவேந்திரனும் இருந்தான்.

"இன்னா பூவிழி, உங்க நைனா இனிமே வர்ற பாடெல்லாம் என்னியே போட்டுக்கச் சொல்ட்டாரு. இப்பதான் வலையும் குடுத்தாரு. வேணாம்னாலும் கேக்கல."

சாக நினைப்பவர்கள் தமக்குப் பிரியமானதைப் பிறருக்குக் கொடுத்துவிடுவதுண்டு என்று பரீட்சையில் அவளே எழுதியிருக்கிறாள். வாட்ச், மோதிரம் என்று உதாரணமும் கொடுத்தாள். பாட்டையும் அப்படிக் கொடுக்கலாம் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவே இல்லை.

(இங்கே அவளை இன்டர்வியூவுக்கே அனுப்பி, வேலையும் வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் வீட்டு வாசலில் கூட்டம்... இல்லை. என்னால் முடியாது.)

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினாள்.

5

அங்கமுத்து படகு நிழலில் உட்கார்ந்திருந்தார். கை சும்மா கிடந்தது. பூவிழி இன்டர்வியூ சுடிதாரோடு பக்கத்து மணலில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்கணும்னு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தோழியிடம் கேட்டுப் பழகும்போதெல்லாம் சிரித்துவிடுவாள்.

"நைனா, செத்துடலாம்னு தோணுதா?"

போன் அடித்தது. கம்பெனிதான். அவள் எடுக்கவில்லை.

அவர் பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் பேசியது நான்தான். கிழித்துப் போட்டேன்.

கேட்ட பிறகு எத்தனை நேரமானாலும் பேசாமல் இருக்கணும் என்றும் அவள் படித்திருக்கிறாள். இருக்கிறாள். நீங்களும் வந்து இப்படி உட்காருங்கள். அவர் வாயைத் திறக்கிற வரைக்கும் யாரும் எழுந்து போக வேண்டாம்.