திமிர் பிடித்த பூனைக்கு ஒரு வீடு

அன்று காலையிலிருந்தே கத்திரிக்குக் கால் தரையில் பாவவில்லை. கத்திரி என்பது அவள் பெயரல்ல. பார்லர் திறந்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பட்டம். கையில் இருப்பதைவிட வாயில் இருக்கும் கத்திரிதான் கூர்மை என்று வாடிக்கையாளர்களே சொல்வார்கள். அந்த வாய் அன்று ஒரே பேச்சைத்தான் பேசியது. சாயங்காலத்துக்குள் பூனைக்கு ஒரு வீடு கிடைத்தாக வேண்டும்.

பார்லருக்கு இடத்தை வாடகைக்கு விட்டிருந்த கட்டிடக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் அவர் வரும்போது பார்லரில் பூனை இருக்கக் கூடாது. கத்திரியின் வீட்டுக்கும் கொண்டுபோக வழியில்லை. பூனை முடி ஒன்று பட்டால் போதும், அவள் கணவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். மிச்சம் இருப்பது விலங்குக் காப்பகம். அதையும் அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கூண்டின்மேல் கூண்டு, கூண்டுக்குள் எந்நேரமும் அழுகை. திரும்பி வந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் நட்ட நடுச் சாலையில் கிடைத்த பூனை அது. வெள்ளை வெளேரென்று, நீலக் கண்ணோடு, ஏதோ சாலையே தன் பாட்டன் சொத்து என்பதுபோல் உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று ஹாரனை அலற விட்டன. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதி முடி வெட்டிய தலையோடு வாடிக்கையாளரை நாற்காலியில் விட்டுவிட்டு, கத்திரி பாய்ந்து போய் அதை வாரிக்கொண்டு வந்தாள். அன்றே அதற்குத் திமிரு என்று பெயர் வைத்தாயிற்று.

பெயருக்கு ஏற்ற குணம்தான். கத்திரி தொண்டை வறளக் கூப்பிட்டாலும் வராது. ஆனால் பார்லரில் கூடவே வேலை பார்க்கும் கத்திரியின் நாத்தனார், எல்லாரும் சின்னவள் என்று கூப்பிடுகிறவள், பலகைத் தரையில் தொம் தொம் என்று நடந்து வந்தால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கும். ஊட்டுகிறவள் ஒருத்தி, கொஞ்சல் இன்னொருத்திக்கா என்று கத்திரிக்கு உள்ளூரப் பொறாமை.

"அண்ணி, ஆள் பாத்துப் பழகுது. அதுக்குத் தெரியும் யாரு நல்லவங்கன்னு" என்று சின்னவள் வேறு வெறுப்பேற்றுவாள்.

பூனையைப் பார்க்க வந்தவர்களும் திரும்பிப் போனார்கள். வங்கியில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் செல்லமே, கண்ணே என்று கெஞ்சிப் பார்த்தார். திமிரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மரியாதை தெரியாத பூனை என்று அவர் எழுந்து போய்விட்டார். அடுத்து வந்த இளம் ஜோடி பின்பக்கமாக வந்து ஆசையாகத் தொட்டது. பூனை தூக்கிவாரிப் போட்டதுபோல் துள்ளிப் பிறாண்டிவிட்டது. அதோடு அந்த ஜோடியும் போயிற்று.

மதியத்துக்கு மேல், வழக்கமாக வரும் டீச்சர் ஒருவர் முடி வெட்டிக்கொள்ள வந்தார். கூடவே அவர் கணவர். கான்கிரீட் கலவை லாரி ஓட்டுகிறவர். இரவு முழுக்க ஓட்டிவிட்டு நேராக வந்திருந்தார். கதவை அடைக்கும் உருவம், கண்ணில் தூக்கம். உள்ளே வந்ததும் அவர் பார்வை முதலில் விழுந்தது பூனைமேல்தான்.

கத்திரி விடுவாளா? துண்டைப் போர்த்திய கையோடு ஆரம்பித்துவிட்டாள். "டீச்சர், உங்க வீட்ல ஒரு பூனை இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்."

"வேண்டாம்மா. ரெண்டு வளத்தோம். ரெண்டும் ஓடிப் போச்சு."

"ஏன்?"

டீச்சர் கண்ணாடி வழியாகக் கணவரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அத ஏன் கேக்கறீங்க. போன பூனைக்காக இவரு ஒரு வாரம் சரியாச் சாப்பிடல. மறுபடியும் அந்தக் கஷ்டம் வேண்டாம்."

லாரிக்காரர் சோபாவில் சாய்ந்தார். சாய்ந்ததுதான் தாமதம், காரணம் தானாகவே வெளியே வந்தது. அது குறட்டை என்றால் குறட்டைக்கே கோபம் வரும். அலமாரியில் எண்ணெய்ப் புட்டிகள் கிணுகிணுத்தன. கத்திரிக்கும் சின்னவளுக்கும் சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டீச்சருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"இப்பத் தெரியுதா ஏன்னு?"

இவ்வளவு நேரம் நாற்காலிக்கு அடியில் கிடந்த திமிரு அப்போதுதான் எழுந்தது. ஓடத்தான் போகிறது என்று கத்திரி கதவைச் சாத்தப் போனாள். அது ஓடவில்லை. தரையை மோந்துகொண்டே சோபாவரை போயிற்று. தாவி ஏறியது. ஏறி இறங்கும் அந்தப் பெரிய வயிற்றின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் சுருண்டு, கண்ணை மூடிக்கொண்டது.

யார் மடியிலும் ஏறாத பூனை.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. கட்டிடக்காரர் இறங்குவதற்கு முன்னாலேயே ஹாரனை அழுத்தினார், அழுத்திய கையை எடுக்கவே இல்லை. சின்னவள் சீப்பைக் கீழே போட்டாள். டீச்சர் நாற்காலியில் துள்ளினார். லாரிக்காரர் எதற்கும் அசைகிற ஆளாகத் தெரியவில்லை. ஆனால் பூனை? அதன் காது நுனிகூட ஆடவில்லை.

கத்திரியின் கை அப்படியே நின்றது. நடுச் சாலை நினைவுக்கு வந்தது. அன்றும் இதே ஹாரன், இதே பூனை. அவள் சோபாவுக்கு ஓடி, பூனையின் தலைக்குப் பின்னால் ஓங்கிக் கைதட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள். ஒன்றுமே இல்லை.

"அடிப்பாவி" என்று தன்னைத்தானே திட்டி வாய்க்குள் முணுமுணுத்தாள். "திமிரு இல்லடி இது. காது கேக்கல இதுக்கு."

ஒரு மாதமாகக் கேட்காத காதில் திட்டியிருக்கிறாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

கைதட்டிய சத்தத்திலா, வயிற்றின் வெதுவெதுப்பிலா தெரியவில்லை, லாரிக்காரர் கண் விழித்தார். மேலே பூனை. அசைந்தால் போய்விடுமோ என்று அப்படியே கிடந்தார். கட்டிடக்காரர் உள்ளே நுழைந்து, "இன்னும் இங்கதான் இருக்கா?" என்றார்.

சொல்லாமல் லாரிக்காரரிடம் கொடுத்துவிடலாமா என்று கத்திரிக்கு ஒரு நொடி நாக்கு இழுத்தது. காது கேட்காத பூனையை யார் எடுத்துக்கொள்வார்கள்? ஆனால் கதவு ஒரு நாள் திறந்து கிடந்தால் போதுமே, மறுபடியும் நடுச் சாலைதான்.

"அண்ணே, மறைக்க விரும்பல. இதுக்குச் சுத்தமாக் காது கேக்காது. வெளிய விடவே கூடாது. பாத்து வச்சுக்கணும்."

லாரிக்காரர் புரியாமல் பார்த்தார். பிறகு மெல்ல மெல்ல அந்தப் பெரிய முகம் மலர்ந்தது. "அப்போ என் குறட்டை?"

"கேக்காது. அதிர்வு மட்டும்தான் தெரியும். அதுதான் இதுக்குப் பிடிச்சிருக்கு."

அவர் மனைவியைப் பார்த்தார். டீச்சர் பாதி முடி வெட்டிய தலையோடு எழுந்து வந்து, பூனையின் நெற்றியைத் தடவினார்.

"குடுத்து வச்சவ" என்றார். "இத்தன வருஷமா எனக்குக் கிடைக்காத வரம்."

பார்லரே சிரித்தது. கட்டிடக்காரர்கூட வந்த கோபத்தை மறந்துவிட்டு, பூனையைத் தூக்கிப்போக ஒரு கூடை தேடினார்.

"எப்படிக் கூப்பிடுவீங்க, அண்ணே?" என்று சின்னவள் கேட்டாள்.

"எதுக்கும்மா கூப்பிடணும்? நான் தூங்கினாப் போதும், தானா வருவா."

டீச்சரின் மிச்ச முடியை வெட்டி முடித்தார்கள். கூடையைப் பூனையோடு வாசலருகே தரையில் வைத்துவிட்டு லாரிக்காரர் செருப்பை மாட்டினார். திமிரு கத்திரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்திருந்தது. கூப்பிடத்தான் வாயெடுத்தாள். சட்டென்று நினைவு வந்து, சின்னவளைப் போலவே பலகைத் தரையில் காலைத் தொம்மென்று வைத்தாள்.

பூனை திரும்பிப் பார்த்தது. முதல் தடவையாக, அவள் கூப்பிட்டதற்கு.